பெட் ஸ்கேன்ல பளிச்சுனு தெரியுறதெல்லாம் கேன்சர் இல்ல

கேன்சர் உடம்புல எங்கெங்க இருக்குன்னு பாக்குற பெட் சிடி ஸ்கேன் டிபார்ட்மெண்ட்ல டெக்னாலஜிஸ்ட்டா இருக்கேன், வர்றவங்கள்ல பெரும்பாலும் கேன்சர் பேஷண்ட்ஸ்தான். ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் கேக்குற ஒரே கேள்வி, "வேற எங்கயும் பரவலையே?"

நாங்க போடுற எஃப்டிஜி ஊசி குளுக்கோஸ் மாதிரி ஒரு மருந்து, அதுல ஃப்ளோரின்-18ங்கிற கதிரியக்கப் பொருள் சேத்திருக்கும். சர்க்கரைய எது நெறைய இழுக்குதோ அது படத்துல பளிச்சுனு தெரியும். கேன்சர் இழுக்கும், டிபி இழுக்கும், ஆறாத புண்ணும் இழுக்கும், உடம்பு குளிர்ந்தா கழுத்துல இருக்குற, உடம்ப சூடாக்குற பழுப்புக் கொழுப்பு கூட இழுக்கும். மெட்ஃபார்மின்ங்கிற சுகர் மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு குடல் முழுக்க தெரியும். அதனாலதான் ஊசி போட்டதும் போர்வை குடுத்து, ஒரு மணி நேரம் பேசாம படுங்கம்மான்னு சொல்றோம், பேசிட்டே இருந்தா குரல்வளையும் தெரியும்.

2021ல கோவிட் தடுப்பூசி போட்டவங்களுக்கு ஊசி போட்ட பக்கம் அக்குள்ல நெறி கட்டி பளிச்சுனு வந்துச்சு. மார்பகப் புற்றுநோய்க்கு சிகிச்சை எடுத்த ஒருத்தருக்கு அப்படி தெரியுறது எவ்ளோ பெரிய பயம்! எந்தக் கைல எப்ப போட்டீங்கன்னு முன்னாடியே கேட்டு எழுத ஆரம்பிச்சோம், அந்த ஒரு வரி இருந்தாலே ரிப்போர்ட் எழுதுற டாக்டர் பாக்குற பார்வையே மாறிடும்.

சிலது கேட்டும் தெரியாது. ஒரு அம்மா வழக்கமான ஃபாலோ அப்புக்கு நல்லா நடந்துதான் வந்தாங்க, மூச்சு வாங்கல, நெஞ்சு வலி இல்ல, ரத்தக் குழாய் தெரிய மருந்து ஏத்தி எடுக்குற கான்ட்ராஸ்ட் சிடில பாத்தா நுரையீரல் ரத்தக் குழாய்ல ரத்தம் உறைஞ்ச கட்டி. கேன்சர் இருந்தா ரத்தம் உறையுறது அதிகம். எங்க டாக்டர் உடனே அவங்களோட கேன்சர் டாக்டருக்கு போன் போட்டாரு, வீட்டுக்கு அனுப்பாம அன்னைக்கே ரத்தம் உறையாம இருக்க ஊசி ஆரம்பிச்சாங்க.

என் மனச ரொம்ப பாதிச்சது வாய் புற்றுநோயோட வந்த ஒரு ஐயா கேஸ்தான். நடு நெஞ்சுல நெறிகள் எல்லாம் தெரிஞ்சுது, அது பரவுனதா இருந்தா நாலாவது ஸ்டேஜ், ஆபரேஷன் பேச்சே மாறிடும். மகன் வெளிய நின்னு அழுதுட்டு இருந்தாரு. ஆனா டிபி இவ்ளோ இருக்குற நம்ம ஊர்ல சதை எடுத்து டெஸ்ட் பண்ணாம ஸ்டேஜ மாத்தக் கூடாதுன்னு எங்க டாக்டர் உறுதியா நின்னாரு, எனக்கும் அதுதான் சரின்னு படும். குழாய் விட்டு நெறில இருந்து சதை எடுத்தாங்க. டிபின்னு வந்துச்சு. மருந்து ஆரம்பிச்சு, வாய்க்கு ஆபரேஷன் தேதியும் குடுத்தாங்க.