மெதுவான படம் எனக்குப் பிடிக்கும், இழுவைதான் ஆகாது

தமிழில் வெப் சீரிஸ் என்றால் எட்டு எபிசோட் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை. சுழல் எட்டு, வதந்தி எட்டு, அயலி எட்டு. கதை எட்டைத் தாங்குமா, நாலிலேயே முடிய வேண்டியதா என்ற யோசனை எழுதும்போதே வர வேண்டாமா? தியேட்டரில் எப்படியும் இரண்டரை மணி நேரத்தில் விளக்கைப் போட்டுவிடுவார்கள். வீட்டில் அப்படியில்லை, ராத்திரி பாத்திரம் எல்லாம் ஒழித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒரு எபிசோட், தூக்கத்தை அடக்கிக்கொண்டு இன்னொன்று, அதன் கடைசி நிமிடத்தில் ஒரு கதவு திறக்கும், யாரோ அதிர்ந்து நிற்பார்கள், உடனே பெயர்கள் ஓட ஆரம்பித்துவிடும். மறுநாள் ஆசையாகப் போட்டால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது.

சுழல் முதல் சீசன் (2022) எனக்குப் பிடித்த தொடர், அதனால்தான் அதைப் பற்றி உரிமையோடு சொல்கிறேன். புஷ்கர் காயத்ரி எழுதியது. சிமெண்ட் ஆலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் சின்ன மகள் காணாமல் போகிறாள், ஊரில் மயானக் கொள்ளைத் திருவிழா நடந்துகொண்டிருக்கிறது. திருவிழாவின் நாட்களும் விசாரணையும் சேர்ந்தே நகர்வது நல்ல யோசனை, அந்த வேஷங்களையும் மேளத்தையும் வெறும் அலங்காரமாக வைக்காமல் கதைக்குள் கொண்டுவந்திருக்கிறார்கள். ஸ்ரேயா ரெட்டி இன்ஸ்பெக்டராகவும் அம்மாவாகவும் மாறி மாறி நிற்கிற இடங்களை இன்னொரு தடவை பார்க்கலாம். ஆனால் நடுவில் சந்தேகம் இவர் மேல், இல்லையில்லை அவர் மேல், அதுவும் இல்லை என்று ஊரில் இருக்கிற ஒவ்வொருவர் மேலும் போய் வருகிறதே, அங்கே கதை நின்ற இடத்திலேயே நிற்கிறது. கடைசி எபிசோடில் உண்மை தெரியும்போது நெஞ்சு கனத்துப் போகிறது, அந்தக் கனத்துக்கு நடுவில் பார்த்த பாதிச் சந்தேகங்கள் தேவையே இல்லை.

இரண்டாவது சீசன் (2025) ஆரம்பித்த விதம் அபாரம். ஒரு வக்கீல் கொலையாகிறார், எட்டு இளம்பெண்கள் தனித்தனியாக நான்தான் கொன்றேன் என்கிறார்கள், ஊரில் அஷ்டகாளித் திருவிழா. எட்டுக் காளி, எட்டுப் பெண், எட்டு எபிசோட். கணக்கு அழகாக வந்துவிட்டது, ஆனால் அந்த எட்டுப் பெண்களில் பாதிப்பேரை எனக்கு முகம் வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. ஒவ்வொருத்திக்கும் நிதானமாக நேரம் கொடுத்திருந்தால் மெதுவாகப் போனாலும் பரவாயில்லை என்று பார்த்திருப்பேன்.

வதந்தி வேறு மாதிரி. ஆண்ட்ரூ லூயிஸ் எடுத்தது, எஸ்.ஜே.சூர்யா குரலை உயர்த்தாமல் நடித்திருப்பார். வெலோனி என்கிற பெண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் ஒரு கதை சொல்கிறார்கள், ஒரு கதையில் அவள் அப்பாவி, இன்னொன்றில் வேறு யாரோ. செத்துப்போன பெண்ணைப் பற்றி ஊர் எதை வேண்டுமானாலும் பேசும் என்பதுதான் விஷயம் என்பதால் அந்தச் சுற்றல் இங்கே பொருந்துகிறது. பார்க்கிற நாமும் மூன்றாவது எபிசோடில் அவளைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம், ஐந்தாவதில் அதை மாற்றிக்கொள்கிறோம். விலங்கு ஏழே எபிசோட், எங்கேயும் தேங்காமல் ஓடும், கிராமத்துப் போலீஸ் ஸ்டேஷன் ஒன்று தினமும் எப்படி இயங்கும் என்பதை அதைவிட நன்றாக நான் எதிலும் பார்த்ததில்லை.

அப்புறம் அயலி. எட்டு எபிசோடுக்கும் தகுதியான கதை என்றால் இதைத்தான் சொல்வேன். புதுக்கோட்டைப் பக்கம் வீரப்பண்ணை என்று ஒரு கிராமம், 1990, வயசுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் நின்றுவிடும், அடுத்தது கல்யாணம். தமிழ்ச்செல்வி டாக்டருக்குப் படிக்க வேண்டும், அதனால் வயசுக்கு வந்ததையே மறைக்கிறாள். இதில் யார் கொலைகாரன் என்ற கேள்வி கிடையாது, இருந்தும் ஒவ்வொரு எபிசோடும் முடியும்போது வயிறு பிசைகிறது, ஏனென்றால் மறைக்க வேண்டிய விஷயம் மாதாமாதம் வரும். இயக்குநர் முத்துக்குமார் இதைச் சோகமாக மட்டும் எடுக்காமல் நிறையச் சிரிக்கவும் வைத்திருக்கிறார். மகளாக அபி நக்ஷத்ரா, அம்மா குருவம்மாவாக அனுமோள். அந்த அம்மாவின் பயம் மெல்ல மெல்லத் தைரியமாக மாறுவதை அவசரமே இல்லாமல் காட்டியிருப்பார்கள். எங்கள் வீட்டில் அத்தை, அதாவது என் மாமியார், இதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பேசவே இல்லை. தன்னை எட்டாவதோடு நிறுத்தியதை மறுநாள் காபி குடிக்கும்போதுதான் சொன்னார்.

அத்தை பார்ப்பது முக்கியமாக சீரியல்தான். சீரியல் என்றால் இளக்காரமாகப் பேசுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை. எதிர்நீச்சல் 2022இல் ஆரம்பித்தபோது நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன், கோலங்கள் எடுத்த அதே திருச்செல்வம்தான் இயக்கம். ஆதி குணசேகரனாக மாரிமுத்து வந்து நின்றாலே வீட்டில் பேச்சு நின்றுவிடும். கத்துகிற வில்லன்கள் எல்லா சீரியலிலும் உண்டு, ஆனால் தான் செய்வது நியாயம் என்று முழுசாக நம்புகிற ஒரு குடும்பத் தலைவனை, சாப்பிட உட்காருவதில்கூட அதிகாரத்தைக் காட்டுகிறவனை, அவர் அப்படியே கொண்டுவந்தார். பரியேறும் பெருமாளில் அந்தப் பெண்ணின் அப்பாவாகக் கைகட்டி நின்று பேசியவரும் இவரே என்று யோசித்தால் வியப்பாக இருக்கும். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி அவர் இறந்த செய்தி வந்தபோது அத்தை அழுதுவிட்டார். அதன் பிறகு வேல ராமமூர்த்தி வந்தார், நல்ல நடிகர், ஆனால் கதை ஜவ்வு மாதிரி இழுபட ஆரம்பித்தது, ஒரு நாள் நடந்ததை ஒரு வாரம் காட்டினார்கள். நான் எழுந்துபோய்விட்டேன், அத்தை கடைசிவரை பார்த்தார்.

நாலே எபிசோடில் என்ன செய்யலாம் என்பதற்குப் போன வருஷம் பார்த்த அடோலசென்ஸ் போதும். இங்கிலாந்துக் கதை, பதின்மூன்று வயசுப் பையனைக் கொலைக் குற்றத்துக்காகக் காலையில் வீடு புகுந்து கைது செய்கிறார்கள். ஒவ்வொரு எபிசோடும் வெட்டே இல்லாமல் ஒரே ஷாட். மூன்றாவது எபிசோட் பெரும்பாலும் ஒரு அறையில் அந்தப் பையனும் ஒரு மனநல நிபுணரும் பேசுவதுதான், ஒரு டம்ளர் ஹாட் சாக்லேட், பாதி சாண்ட்விச், அவ்வளவு சாமான். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. அந்தப் பையன் ஓவன் கூப்பருக்கு அதுதான் முதல் நடிப்பு, அந்த எபிசோடைத்தான் முதலில் எடுத்தார்கள் என்று படித்தபோது நம்ப முடியவில்லை. பையன் யாரைக் கொன்றான் என்பது முதல் எபிசோடிலேயே தெரிந்துவிடுகிறது, ஏன் என்பதற்குத்தான் மீதி மூன்றும்.

கொட்டுக்காளியை ஸ்லோ என்று சொல்லி ஒதுக்கினவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. கூழாங்கல் எடுத்த பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டாவது படம், இரண்டு மணி நேரம்கூட இல்லை, பின்னணி இசையே கிடையாது. மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று ஒரு குடும்பமே ஆட்டோவிலும் வண்டியிலுமாகச் சாமியாரிடம் கூட்டிப் போகிறது. வழியில் எங்கோ ஒலிபெருக்கியில் பாட்டு, மீனா வாய்க்குள் முணுமுணுக்கிறாள், அதைப் பார்த்த பாண்டி, அவளைக் கட்டிக்கொள்ளப் போகிறவன், கண்மண் தெரியாமல் எல்லாரையும் அடிக்கிறான். பாண்டியாகத் தொண்டையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு கரகரவென்று பேசுகிற சூரியைச் சிரிப்பு நடிகர் என்று இனி நினைக்கவே முடியாது. மீனாவாக அன்னா பென் பேசாமலே இருந்து அத்தனை பேரையும் கலங்கடிக்கிறார். பாதையை மறித்து ஒரு காளை நிற்க, இவ்வளவு ஆம்பளைகளும் தள்ளி நின்று யோசிக்க, ஒரு சின்னப் பெண் வந்து அதைப் பிடித்துக்கொண்டு போவாள். அந்தக் காட்சிக்கு ஒரு வரி வசனம் எழுதியிருந்தாலும் கெட்டிருக்கும். வீட்டில் பார்க்கிறவர்கள் தயவுசெய்து போனைத் தள்ளி வையுங்கள், மின்விசிறிச் சத்தம்கூட அதிகமாகத் தெரிகிற படம் அது.

மெய்யழகன் விஷயத்தில் எனக்கும் இவருக்கும், அதாவது என் வீட்டுக்காரருக்கும், இன்னும் சண்டை தீரவில்லை. 2024இல் வெளியான சில நாட்களிலேயே நீளம் என்று சொல்லி சுமார் 18 நிமிடம் குறைத்தார்கள், குறைத்தது சரிதான் என்கிறார் இவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குப் போன ஒருத்தர் இருபது வருஷத்துக்கு மேல் கழித்து நீடாமங்கலத்துக் கல்யாணத்துக்கு வருகிறார், தன்னை அத்தான் அத்தான் என்று சுற்றி வருகிறவனின் பெயர்கூட அவருக்கு ஞாபகமில்லை, ராத்திரி முழுக்க இரண்டு பேரும் பேசுகிறார்கள். பிரேம்குமார் எடுத்திருப்பதே அந்தப் பேச்சைத்தான். சொந்தக்காரர்கள் திண்ணையில் உட்கார்ந்தால் ஊர்க்கதை, காளை, சோழர் என்று எங்கெங்கோ போய்த்தான் வரும், அதில் எது வேண்டும் எது வேண்டாம் என்று கத்தரி வைத்தால் அரவிந்த்சாமி அந்த ராத்திரியில் மெல்ல இளகுவது எப்படி நமக்குத் தெரியும்? அத்தான் விட்டுவிட்டுப் போன சைக்கிளைப் பற்றிக் கார்த்தி சொல்கிற இடத்தில் இவரும்தான் கண்ணைத் துடைத்தார். அந்த இடத்துக்கு வந்துசேர அவ்வளவு நேரமும் தேவைப்பட்டது என்று நான் சொல்கிறேன், இவர் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்.