ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: படை திரட்டுவதற்கு முன்பே முடிவாகும் ஆட்டம்

1999-இல் வெளிவந்து, 2019-இல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதிய வடிவில் மீண்டும் வந்த ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர்வியூக விளையாட்டைச் சில மாதங்களாக முறைப்படி பயின்று வருகிறேன். எந்த நாட்டுக்கு எந்தப் படை சிறந்தது என்னும் பட்டியல்கள் எங்கு தேடினாலும் கிடைக்கும். என் ஆட்டத்தை உண்மையில் மாற்றியவை, தொடக்கநிலையினர் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் சில எளிய கணக்குகள்தாம்.

முதல் கணக்கு, ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டரைப் பற்றியது. அங்கே ஒரு வில்லேஜரை, அதாவது உழைப்பாளியை, உருவாக்க 50 உணவும் 25 விநாடிகளும் ஆகின்றன. மூன்று வில்லேஜர்களோடு தொடங்கும் நாம், 21 வில்லேஜர்கள் சேர்ந்ததும் ஃபியூடல் ஏஜ் என்ற அடுத்த காலகட்டத்துக்கு மாறலாம் என்று திட்டமிட்டால், இன்னும் 18 பேர் தேவை. அதற்கு 450 விநாடிகள். இடையில் லூம் என்ற மேம்பாட்டுக்கு மேலும் 25 விநாடிகளைச் சேர்த்தால், ஆட்டக் கடிகாரத்தில் 7 நிமிடம் 55 விநாடி ஆகியிருக்கும்போது நாம் அடுத்த காலகட்டத்துக்கான பொத்தானை அழுத்தியிருக்க வேண்டும். அதே எண்ணிக்கையோடு பத்தாவது நிமிடத்தில்தான் அழுத்துகிறோம் என்றால், டவுன் சென்டர் இடையிடையே 125 விநாடிகள் சும்மா நின்றிருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் ஐந்து வில்லேஜர்கள் பிறந்திருப்பார்கள். எதிராளியின் படை நம் ஊருக்குள் நுழையும்போது நம்மிடம் வீரர்கள் குறைவாக இருப்பதற்குக் காரணத்தை, போர்க்களத்தில் தேடுவதற்கு முன் இந்த 125 விநாடிகளில் தேட வேண்டும்.

டவுன் சென்டர் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் காரணம் வீடுதான். ஒரு வீடு ஐந்து பேருக்கு இடம் தருகிறது. ஐந்து பேர் உருவாக 125 விநாடிகள். ஆகவே ஒரே டவுன் சென்டர் இருக்கும் வரை, ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரு வீடு என்ற தாளத்தைக் கையில் பிடித்துக்கொண்டால் போதும். மக்கள்தொகை எண் உச்சவரம்பைத் தொட்ட பிறகு வீடு கட்டத் தொடங்குவது காலங்கடந்த செயல். இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கும்போதே மரம் வெட்டுபவர்களில் ஒருவரை அனுப்பிவிடுவதே நல்லது.

உணவைப் பொறுத்தவரை, ஆடுகளை டவுன் சென்டரின் சுவரை ஒட்டிக் கொண்டுவந்து, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் வெட்டுவது முக்கியம். வெட்டப்பட்ட ஆட்டின் உணவு நேரம் செல்லச் செல்லத் தானாகவே குறைந்துகொண்டிருக்கும். காட்டுப்பன்றியில் 340 உணவு இருக்கிறது, ஓர் ஆட்டில் இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். அதை அம்பெய்து சீண்டி டவுன் சென்டருக்கு இழுத்து வரும் வில்லேஜருக்கு 25 உயிர்ப்புள்ளிகளே உண்டு. லூம் செய்துவிட்டால் அது 40 ஆகும். பழகும் காலத்தில் பன்றியை அழைக்கப் போகும் முன்பே அந்த 50 தங்கத்தைச் செலவிட்டுவிடுமாறு நான் தயங்காமல் சொல்வேன்.

அடுத்து, எனக்கு மிகவும் பிடித்த பகுதியாகிய சண்டைக் கணக்கு. தாக்கும் வலிமையிலிருந்து எதிராளியின் கவசத்தைக் கழித்தால் வருவதே சேதம். அது ஒன்றுக்குக் கீழே போகாது. சாதாரண வில்லாளரின் தாக்குதல் 4. நைட் எனப்படும் குதிரை வீரரின் அம்புக் கவசம் 2, உயிர்ப்புள்ளிகள் 100. ஆகவே ஒரு நைட்டை வீழ்த்த 50 அம்புகள் தேவை. பிளாக்ஸ்மித் எனப்படும் கொல்லர் பட்டறையில் ஃப்ளெட்சிங் என்ற மேம்பாட்டைச் செய்தால் தாக்குதல் ஒன்றே ஒன்றுதான் கூடுகிறது. ஆனால் சேதம் இரண்டிலிருந்து மூன்றாகி, 34 அம்புகளிலேயே நைட் விழுந்துவிடுகிறார். திரையில் “+1” என்று மட்டும் காட்டப்படும் அந்த மேம்பாடு, நைட்டுக்கு எதிராக நம் வில்லாளர் ஒவ்வொருவரையும் ஒன்றரை மடங்கு வலிமையாக்குகிறது. புதிதாக நாலைந்து வில்லாளர்களைச் சேர்ப்பதைவிட இது மலிவானது என்பதை, இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்த பிறகே முழுமையாக உணர்ந்தேன்.

ஈட்டி வீரரின் அடிப்படைத் தாக்குதல் 3 மட்டுமே என்றாலும், குதிரைப்படைக்கு எதிராக 15 கூடுகிறது. நைட்டின் கவசம் 2 போக, ஒரு குத்துக்கு 16 சேதம். ஏழு குத்துகளில் நைட் விழுவார். இங்கே நில உயரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேட்டில் நின்று தாக்குபவரின் சேதம் 25 சதவீதம் கூடும், பள்ளத்தில் நிற்பவருடையது 25 சதவீதம் குறையும். எனவே அதே ஈட்டி வீரர் மேட்டில் நின்றால் ஐந்து குத்துகள் போதும், பள்ளத்தில் நின்றால் ஒன்பது வேண்டும். வீரர், ஆயுதம், எதிரி எதுவும் மாறாமல், நிற்கும் இடம் மட்டுமே இந்த வேறுபாட்டைத் தருகிறது. சண்டை தொடங்கும் முன் சரிவு எந்தப் பக்கம் என்று பார்த்து, தேவையானால் படையைப் பின்வாங்கச் செய்தாவது மேட்டுக்கு ஏற்றுவது இப்போது என் வழக்கமாகிவிட்டது.

தங்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வரைபடத்தில் உள்ள தங்கம் ஒரு நாள் தீர்ந்துவிடும், ஆனால் ஈட்டி வீரருக்கும் ஸ்கிர்மிஷர் எனப்படும் எறியீட்டி வீரருக்கும் உணவும் மரமும் மட்டுமே போதும். ஸ்கிர்மிஷரின் அம்புக் கவசம் 3 என்பதால், வில்லாளரின் ஓர் அம்பு அவருக்கு ஒரே ஒரு புள்ளி சேதத்தைத்தான் செய்கிறது. இந்த இரண்டு படைகளையும் பழகுவதற்கு, 2022-இல் டைனஸ்டிஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கத்தில் சேர்க்கப்பட்ட திராவிடர் நாட்டைத் தேர்ந்தெடுத்தேன். இராஜேந்திர சோழரின் படையெடுப்புகளைத் தனிக் கதைத்தொடராகக் கொண்ட நாடு என்பது முதலில் ஈர்த்தது உண்மை. ஆனால் பழகுநருக்கு அதில் வேறு பயன்களும் உண்டு. நைட் அவர்களுக்குக் கிடையாது என்பதால் குதிரைப்படையை நம்பி ஆடும் பழக்கம் தானாகவே விலகுகிறது. ஸ்கிர்மிஷர்கள் 25 சதவீதம் வேகமாக எறிகிறார்கள். ஒவ்வொரு காலகட்டத்தை எட்டும்போதும் 200 மரம் இலவசமாக வருகிறது. ஃபியூடல் ஏஜில் அந்த மரத்தை மூன்று வயல்களாக மாற்றிவிடுகிறேன்.

விளையாட்டிலேயே உள்ள ஆர்ட் ஆஃப் வார் பயிற்சிகளைப் பலரும் கடந்துபோய்விடுகிறார்கள். தொடக்கப் பொருளாதாரத்துக்கான பயிற்சியை மட்டுமாவது தங்கப் பதக்கம் கிடைக்கும் வரை ஆடிப் பார்க்க வேண்டும். ஆட்டம் முடிந்த பிறகு பதிவை ஓடவிட்டு, போர்க் காட்சிகளைத் தவிர்த்து, டவுன் சென்டரை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதும் எனக்கு மிகுந்த பயனளித்தது.

இப்போது காசில் ஏஜ் என்ற மூன்றாம் காலகட்டத்து ஆட்டத்தைப் பயின்று வருகிறேன். புதிய டவுன் சென்டர் ஒன்றுக்கு 275 மரமும் 100 கல்லும் ஆகும்; ஆட்டத் தொடக்கத்தில் கையிருப்பாகத் தரப்படும் கல் 200. அதாவது, அதைத் தொடாமல் வைத்திருந்தால் கல் வெட்டாமலேயே இரண்டு டவுன் சென்டர்களைக் கூடுதலாகக் கட்டிவிடலாம். மூன்றும் ஓயாமல் இயங்கினால் நிமிடத்துக்கு 360 உணவு தேவைப்படும், வீடும் 42 விநாடிகளுக்கு ஒன்றாக எழ வேண்டும். வீட்டின் தாளம் ஓரளவு கைவந்துவிட்டது. அந்த உணவை ஈட்டும் அளவுக்கு வயல்களை முன்கூட்டியே போட்டு வைப்பதைத்தான் தற்போது பழகிக்கொண்டிருக்கிறேன்.