பீர்க்கங்காய்த் தோலும் சுண்டக்குழம்பும்

மதுரை மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தைக்குப் போனால் எனக்குக் கை நிற்காது. போன ஞாயிற்றுக்கிழமை பீர்க்கங்காய் மலிவாகக் கிடந்தது, 2 கிலோ அள்ளிவிட்டேன். வீட்டில் இருப்பது 3 பேர்.

காயைக் கூட்டு வைத்தாயிற்று. தோலைக் குப்பையில் போடப் போனபோது செல்லூரில் இருக்கும் அத்தையின் முகம் நினைவுக்கு வந்தது. விளிம்பு நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, மீதித் தோலை நல்லெண்ணெயில் நிறம் மங்கும்வரை வதக்கினேன். அதே சட்டியில் ஒரு கை உளுந்து, 4 வரமிளகாய். நெல்லிக்காய் அளவு புளி, உப்பு வைத்து அரைத்தால் துவையல் தயார். மிக்ஸியில் ஒரே ஓட்டாக ஓட்டாமல் விட்டுவிட்டு அரைக்க வேண்டும். உளுந்து பல்லில் படாத துவையலை நான் துவையலாகவே மதிப்பதில்லை.

மறுநாள் காலை முந்தைய நாள் புளிக்குழம்பு, கத்தரிக்காய்ப் பொரியல், ஒரு கரண்டி கூட்டு எல்லாவற்றையும் மண்சட்டியில் கொட்டிச் சிறுதீயில் சுண்ட விட்டேன். எண்ணெய் பிரிந்து ஓரம் லேசாகப் பிடிக்கிற நேரத்தில் இறக்க வேண்டும். இரவே தண்ணீர் ஊற்றி வைத்த பழைய சோறு, கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயம். அப்புறம் ஏன் ஓட்டலுக்குப் போகிறோம்?

புளித்த மாவில்தான் சறுக்கினேன். சித்திரை வெயிலில் வெளியே மறந்துவிட்டேன், நாக்கு கூசும் புளிப்பு. அரிசி மாவும் வெங்காயமும் சேர்த்துப் பணியாரம் ஊற்றியும் மகன் ஒன்றோடு எழுந்துவிட்டான்.