புல்வெளி ஆவிக்கதை: ஐந்து மாதம், ஒன்பது அத்தியாயம்

ஐந்து மாதமாக எழுதிவரும் கதை இந்த வாரம் ஒன்பதாவது அத்தியாயத்தைத் தாண்டிவிட்டது. 1880களில் அமெரிக்காவின் நெப்ராஸ்கா புல்வெளி. நார்வேயிலிருந்து குடியேறி வந்த ஒரு பெண், பொன்கா பழங்குடியைச் சேர்ந்த ஓர் இளைஞன். இருவரில் ஒருவர் உயிரோடு இல்லை. யார் அந்த ஒருவர் என்று முடிவுசெய்யவே எனக்கு மூன்று மாதம் ஆனது.

முதலில் எழுதியபோது அவன்தான் ஆவி. நிலா வெளிச்சத்தில் குதிரையில் வருவான், குழல் ஊதுவான், அவள் மயங்குவாள். நாற்பது பக்கம் போனதும் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன், மனசு ஒப்பவே இல்லை. அந்த மண்ணின் மக்கள் எல்லாரும் செத்து ஆவியாகத்தான் மிச்சமிருக்கிறார்கள், பின்னால் வந்தவர்கள்தான் வாழப் பிறந்தவர்கள் என்பது போல ஆகிவிட்டது. பொன்கா மக்கள் இன்றைக்கும் நெப்ராஸ்காவிலும் ஓக்லஹோமாவிலும் இருக்கிறார்கள். நாற்பது பக்கத்தையும் எடுத்துவிட்டேன்.

வழி காட்டியது ஸ்டாண்டிங் பேர் என்ற பொன்கா தலைவரின் வழக்கு. 1877இல் அவருடைய மக்களை நயோப்ரரா ஆற்றங்கரையிலிருந்து கிளப்பித் தெற்கே, இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பினார்கள். அங்கே நோயில் விழுந்து பலர் இறந்தார்கள், அவருடைய மகனும் இறந்தான். சொந்த ஊரில் முன்னோர்கள் பக்கத்தில் என்னைப் புதையுங்கள் என்று அவன் கேட்டிருந்தான். 1879 ஜனவரிக் குளிரில் சுமார் முப்பது பேர் அவன் எலும்புகளோடு வடக்கே கிளம்பினார்கள். ராணுவம் பிடித்துவைத்தது, வழக்கு ஒமாஹா நகர நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மே மாதம் நீதிபதி எல்மர் டண்டி, சட்டத்தின் முன் இந்தியரும் (அந்த மண்ணின் பழங்குடியினரை அப்படித்தான் அழைத்தார்கள்) ஒரு மனிதரே என்று தீர்ப்புச் சொன்னார். இதைச் சொல்லவும் ஒரு தீர்ப்பு தேவைப்பட்டதே என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.

சரி, என் நாயகனும் அந்தக் கூட்டத்தில் பன்னிரண்டு வயதுப் பையனாக நடந்து வந்தவன் என்று வைத்துக்கொண்டேன். சொந்த மண்ணில் படுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று கண்ணால் பார்த்தவன். அப்படியென்றால் ஆவி அவள்தான். கடல் தாண்டி வந்து, தனக்குச் சொந்தமில்லாத மண்ணில் செத்து, எங்கே போவதென்று தெரியாமல் நிற்பவள்.

அவள் சாவுக்கு 1888 ஜனவரி 12 என்று தேதி குறித்தேன். அன்று காலை அந்த மாதத்துக்குப் பொருந்தாத இதமான வெயில், பிள்ளைகள் பலர் கனத்த மேலங்கி இல்லாமலே பள்ளிக்குப் போனார்கள். பகலில் திடீரென்று பனிப்புயல் அடித்தது, மாவு போல நுண்ணிய பனி, நீட்டிய கை தெரியாது. இருநூறு பேருக்கு மேல் இறந்ததாகக் கணக்கு. என் நாயகி மாட்டைத் தேடிப் போனவள்.

அதிகம் உழைத்தது அவள் வீட்டுக்குத்தான். 1862ஆம் வருஷச் சட்டப்படி, 160 ஏக்கரில் ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் நிலம் சொந்தம். ஆனால் வீடு கட்ட மரம் ஏது? வேரோடு புல்தரையைப் பாளம் பாளமாக வெட்டி, புல் பக்கம் கீழே இருக்கும்படி செங்கல் போல அடுக்குவார்கள். மழை நின்ற பிறகும் கூரை சொட்டும். மண்ணும் சில சமயம் பாம்பும் விழாமலிருக்கக் கூரைக்குக் கீழே துணி கட்டுவார்கள். விறகு கிடைக்காத இடத்தில் காய்ந்த புல்லை முறுக்கி அடுப்பில் போடுவார்கள், அது சட்டென்று எரிந்துவிடும் என்பதால் ஒருவர் முறுக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஐந்தாம் அத்தியாயம் முழுக்க இந்த அடுப்படிதான். இரவெல்லாம் அவள் முறுக்குகிறாள், இருவரும் பேசுகிறார்கள். விடியும்போது பார்க்கிறான், புல் குவியல் அவன் வந்தபோது இருந்த அதே உயரத்தில் இருக்கிறது. ஒன்றும் சொல்லாமல் தானும் ஒரு பிடி எடுத்து முறுக்கத் தொடங்குகிறான். ஆறு தடவை எழுதினேன், இதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்த்தாலும் கெட்டுப்போகிறது.

அப்புறம் ‘பேய்’ என்று வந்த இடத்தையெல்லாம் ‘ஆவி’ என்று மாற்றினேன். உயிருக்கும் மூச்சுக்கும் நீராவிக்கும் நம்மிடம் ஒரே சொல் இருப்பது இந்தக் கதைக்குக் கிடைத்த வரம். அந்தக் குளிரில் அவன் பேசும்போது வாயிலிருந்து ஆவி பறக்கிறது, அவள் பேசும்போது இல்லை.

படித்துப் பார்த்த தோழி, அந்தக் காலத்தில் இப்படி ஒரு காதல் நடக்குமா என்று கேட்டாள். ஸ்டாண்டிங் பேருக்கு மொழிபெயர்ப்பாளராக ஊர் ஊராகப் போன சூசெட் லா ஃப்ளெஷ் ஒமாஹா பழங்குடிப் பெண். அந்த வழக்கை ஊரறியச் செய்த வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் தாமஸ் டிபிள்ஸை 1881இல் மணந்தார். அதைச் சொன்னதும் அவள் அடுத்த அத்தியாயம் கேட்டாள்.

அங்கேதான் நிற்கிறேன். பனி உருகி அவள் எலும்புகள் அவன் கையில் கிடைத்துவிட்டன. நார்வேக்குக் கொண்டுபோக வழியில்லை. ஆற்றங்கரையில் தன் முன்னோர்கள் பக்கத்தில் வைக்க அவன் ஆசைப்படுகிறான், ஆனால் அந்த இடத்தைக் கொடுக்க அவன் ஒருவனால் ஆகாது, தெற்கே மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்த அவன் பாட்டியைக் கேட்க வேண்டும். பாட்டி என்ன சொல்வாள் என்று எனக்கு இன்னும் கேட்கவில்லை. அதுவரை பத்தாவது அத்தியாயத்தைத் தொடப்போவதில்லை.