குறுவட்டங்களுக்கு இடையே ஓடிய தண்ணீர்

திண்டுக்கல் மாவட்டத்தின் நிலத்தடி நீர் அடுத்த 20 ஆண்டுகளில் எப்படி மாறும் என்று கணித்துத் தரும் பணி எங்கள் குழுவுக்கு வந்தபோது, நான் வழக்கம்போல வென்சிம் என்னும் மாதிரியாக்க மென்பொருளைத் திறந்து, மாவட்டம் முழுவதையும் ஒரே தொட்டியாகப் பாவித்து ஒரு மாதிரியை அமைத்தேன். மழையில் ஒரு பங்கு உள்ளே இறங்குகிறது. மோட்டார்கள் வெளியே இறைக்கின்றன. மட்டம் இறங்கினால் விவசாயி ஆழ்துளைக் கிணற்றை மேலும் ஆழப்படுத்துகிறார். தமிழ்நாட்டில் 1990 முதல் பாசன மின்சாரம் இலவசம் என்பதால், ஆழத்திலிருந்து இறைக்கும் கூடுதல் செலவு அவரைத் தடுப்பதில்லை. இறைப்பைத் தணிக்க வேண்டிய பின்னூட்டச் சுழல் அறுந்தே கிடக்கிறது. இத்தகைய உறவுகளை இருப்பும் ஓட்டமுமாக எழுதிக் காட்டுவதில் சிஸ்டம் டைனமிக்ஸ் என்னும் மாதிரியாக்க முறைக்கு இணை இல்லை என்பது இன்றும் என் எண்ணம்.

ஆய்வுக் கூட்டத்தில் மூத்த நிலநீர் வல்லுநர் ஒருவர் என் வரைகோட்டைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர்க் கிணற்றின் மட்டம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. சிஸ்டம் டைனமிக்ஸைத் தொடங்கிய ஜே ஃபாரஸ்டர் 1969-இல் வெளியிட்ட நகர மாதிரியிலேயே தெருவும் கிடையாது, திசையும் கிடையாது; ஆகவே இடத்தைக் காட்டாதது இம்முறையின் பிறவிக்குறை என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

மாநிலத்தின் நிலத்தடி நீர் மதிப்பீடு, வட்டத்தின் (தாலுகாவின்) உட்பிரிவான குறுவட்ட அளவில் நடப்பதால், நாங்களும் அந்த எல்லைகளையே எடுத்துக்கொண்டோம். வென்சிம் மாதிரியைப் பைஎஸ்டி என்ற நிரலகம் மூலம் பைத்தான் நிரல்மொழிக்கு மாற்றி, குறுவட்டத்துக்கு ஒரு பிரதி வைத்தோம். யாருக்கு யார் அண்டை என்பதை ஜியோபாண்டாஸ் என்ற வரைபடத் தரவு நிரலகம் சொல்ல, ஒவ்வொரு மாதக் கணக்கின் முடிவிலும் அண்டைகளுக்கிடையே பக்கவாட்டில் ஓடும் நீரைச் சேர்த்து, விளைவை கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் வண்ணமிட்டோம். 78 பாகை கிழக்குத் தீர்க்கரேகை மாவட்டத்தின் ஊடே செல்வதால் ஒரு பகுதி யூடிஎம் என்ற வரைபட ஆயமுறையின் 43-ஆம் மண்டலத்திலும் மறுபகுதி 44-இலும் விழுந்தன. அனைத்தையும் 43-க்கு மாற்றியதோடு அந்தத் தொல்லை தீர்ந்தது.

பெரிய தொல்லை வேறு இடத்தில் இருந்தது. ஒரு நாள் சக ஊழியர், தேடுவதற்கு வசதியாக இருக்கட்டும் என்று குறுவட்ட அட்டவணையை எண் வரிசையிலிருந்து பெயர் வரிசைக்கு மாற்றினார். வரைபடமும் மாறிவிட்டது! பெயரை அடுக்கும் முறைக்கும் பூமிக்கு அடியிலுள்ள நீருக்கும் என்ன தொடர்பு? மழையையும் இறைப்பையும் பூஜ்யமாக்கி, பக்கவாட்டு ஓட்டத்தை மட்டும் விட்டு ஓட்டிப் பார்த்தேன். மொத்த நீர் மாறாமல் இருந்திருக்க வேண்டும், மாதந்தோறும் மாறியது. நிரல் ஒவ்வொரு குறுவட்டமாகச் சென்று, அதன் மட்டத்தை அங்கேயே திருத்திவிட்டு அடுத்ததற்கு நகர்ந்துகொண்டிருந்தது. 300 மீட்டர் மட்டத்திலுள்ள குறுவட்டம் 290 மீட்டர் அண்டைக்கு நீரைக் கொடுத்துத் தான் இறங்கிவிடுகிறது. பிறகு அண்டையின் முறை வரும்போது, இறங்கிய மட்டத்தை வைத்து வரவைக் கணக்கிடுவதால், கொடுத்ததைவிடக் குறைவாகவே பெறுகிறது. உயர்ந்தது முதலில் வந்தால் தண்ணீர் காணாமல் போயிற்று. தாழ்ந்தது முதலில் வந்தால் இல்லாத தண்ணீர் முளைத்தது. மாதத் தொடக்க மட்டங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஒவ்வோர் எல்லைக்கும் ஓட்டத்தை ஒரே முறை கணக்கிட்டு, ஒருபுறம் கழித்து மறுபுறம் கூட்டினோம். திருத்தம் ஏறத்தாழ பத்து வரிதான். கண்டுபிடிக்கத்தான் ஒன்பது நாட்கள் ஆயின.

இத்தனைக்கும் பிறகு பக்கவாட்டு ஓட்டம் மிகச் சொற்பமாகவே வந்தது. கடினப் பாறை நிலத்தில் அதுதான் இயல்பு. அங்கே 15 மில்லிமீட்டர் நீர் உள்ளே இறங்கினாலே மட்டம் சுமார் ஒரு மீட்டர் ஏறிவிடும், அதே வேகத்தில் இறங்கியும் விடும். பக்கத்துக் குறுவட்டம் கைகொடுக்க வராது. என் பழைய ஒற்றைத் தொட்டியோ, நிறைந்தவற்றின் நீரை வறண்டவற்றுக்குக் கணக்கிலேயே பகிர்ந்து கொடுத்திருந்தது.

அடுத்த கூட்டத்தில் அந்த வல்லுநர், திரையில் அடர்சிவப்பாக இருந்த ஒரு குறுவட்டத்தைச் சுட்டி, "போன மாதம் அங்கே போயிருந்தேன், ஆயிரம் அடி போட்டும் புகைதான் பறந்தது" என்றார்.