கன்னத்தில் கிடந்த வெளிச்சம்

ஆப்பிளை யாருக்கும் தரமாட்டேன் என்கிற மாதிரி பிடித்திருக்கிறது அந்தக் குழந்தை.

இன்று ஃபிளாரன்ஸ், பார்ஜெல்லோ அருங்காட்சியகம். இத்தாலியச் சிற்பி லூக்கா டெல்லா ரோபியா செய்த மாதா சிற்பம். நீலப் பின்னணியில் வெள்ளை வெளேரென்று தாயும் பிள்ளையும்.

ஓரடி நகர்ந்தேன். மாதாவின் கன்னத்தில் கிடந்த வெளிச்சமும் கூடவே நகர்ந்தது.

பளிங்கு இல்லை, மண். ஒருமுறை சுட்டு, வெள்ளீயம் கலந்த பூச்சைப் பூசி, மறுபடி சூளையில் வைத்தால் பூச்சு கண்ணாடியாய் உருகி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். 1440களில் ஃபிளாரன்ஸ் பேராலயத்துக்குள் ஒரு கதவுக்கு மேலேயே இப்படிச் செய்து வைத்தவர் லூக்கா. அவருக்குப் பின் சகோதரர் மகன் ஆந்திரேயா தொழிலைப் பெருக்கினார். அச்சில் எடுத்துப் பல பிரதிகள் செய்யலாம், பளிங்கைவிட விலையும் குறைவு. மாதா படுக்கையறைச் சுவருக்கே வந்துவிட்டார்.

எனக்கு அந்த அறைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

இரவு. ஒற்றை மெழுகுவர்த்தி. சுடர் ஆடும்போதெல்லாம் அந்தக் கன்னமும் அசைந்திருக்கும். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியில் கை வைத்தபடி ஒரு தாய் அண்ணாந்து பார்த்திருப்பாள்.

மூடும் நேரம் என்றார்கள். கிளம்புமுன் இன்னும் ஓரடி நகர்ந்து பார்த்தேன்.

நகர்ந்தது.