போன் பேசும், பிள்ளை பேசுமா?

எங்கள் திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த பீகார், ஒடிசா குடும்பத்துப் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால், நாம் முதலில் செய்வது போனை எடுத்து கூகுள் டிரான்ஸ்லேட்டில் இந்தியைத் தட்டுவதுதான். வடக்கிலிருந்து வந்தால் எல்லாம் இந்தி என்று யார் சொன்னது? ஒடிசாப் பிள்ளைக்கு ஒடியா, பீகாரின் தர்பங்காவிலிருந்து வந்ததற்கு வீட்டில் மைதிலி. ஒடியா அதில் 2020லேயே வந்துவிட்டது, மைதிலியும் போஜ்புரியும் 2022ல். பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தட்டலாமே.

பாடம் நடத்த உதவுமா என்றால், கொஞ்சம். பிள்ளைகள் கத்துகிற வகுப்பில் மைக் எதையோ பிடித்து எதையோ சொல்லும். தனியாக அழைத்து, சின்ன வாக்கியமாக, அதுவும் எழுத்துத் தமிழில் சொல்ல வேண்டும், நம் கொங்குப் பேச்சு அதற்குச் சுத்தமாகப் பிடிபடாது. "மீதி எத்தனை மாம்பழங்கள் இருக்கும்?" என்று நான் போனிடம் வானொலிச் செய்தி மாதிரி வாசிக்க, மொத்த வகுப்பும் சிரிக்கிறது.

அசல் பயன் பெற்றோரிடம்தான். டிசி, ஆதார், பிள்ளைக்குக் காய்ச்சல், சீக்கிரம் கூட்டிப்போங்கள், இதெல்லாம் சொல்லிவிடலாம். காய்ச்சல் மருந்து விஷயத்தை மட்டும் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பார்த்துவிட்டுக் காட்டுங்கள்.

தமிழ் கற்றுக்கொடுக்க மட்டும் இதை நம்பாதீர்கள். கபடி ஆடும்போது பக்கத்து பெஞ்சுக்காரன் கற்றுக்கொடுப்பதில் பாதிகூட இது தராது (கெட்ட வார்த்தை உட்பட). அப்புறம், மைதிலி தெரிந்தவர்கள் யாராவது இங்கே இருந்தால் இன்பாக்ஸ் வாங்க, பெற்றோர் கூட்டத்துக்கு ஆள் வேண்டும்.